காறை எலும்பின் கீழே

இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெறுகிறவர்கள். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஆனாலும் எஹலியகொடையில் நடத்திவந்த சனிக்கிழமைச் சித்திர வகுப்பை உங்க ரெண்டு பேர் கையிலும் விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகிறேன். அந்த வகுப்பைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெறுகிறவன்தான். எப்படி வரைவது என்று இதில் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். நிழல் போடுவதில் என்னைவிட நீங்க கெட்டிக்காரர்கள். நான் சொல்ல வந்தது தோளைப் பற்றி.

மனித உருவம் வரைய வரும் பிள்ளைகளுக்கு முகம் எப்படியோ வந்துவிடும். மாட்டிக்கொள்வது தோளில்தான். உடம்பை ஒரு பெட்டியாக வரைந்து, அதன் ரெண்டு மூலையிலும் கையை ஒட்டிவிடுவார்கள். கை தூக்கிய உருவம் வேண்டுமென்றால் ஒட்டிய கையை அப்படியே மேலே திருப்பிவிடுவார்கள். தோள் இருந்த இடத்தில் இருக்கும், கை மட்டும் மணிக்கூட்டு முள் மாதிரி சுற்றும்.

கை உடம்போடு எலும்பால் சேர்ந்திருப்பது ஒரே இடத்தில்தான். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடுகிற இடத்தில். விரலை வைத்துப் பாருங்க. அங்கிருந்து அது வளைந்த குச்சி மாதிரி வெளியே ஓடி, நுனியில் தோள்பட்டை எலும்பைச் சந்திக்கிறது. அந்தத் தோள்பட்டை எலும்பின் ஓரக் குழியில்தான் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்திருக்கிறது. முதுகில் அந்தத் தட்டை எலும்பை எதிலும் ஆணி அடித்து மாட்டவில்லை. தசைக்குள் வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. அதனால் கை எங்கே போனாலும் தோளும் கூடவே போகும். கையைத் தூக்கினால் தோள்முனை ஏறும், கீழே அழுத்தினால் இறங்கி முன்னால் வரும்.

இதைப் பலகையில் எத்தனை தடவை வரைந்து காட்டியும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அதனால் சிவலிங்கத்தைக் கூட்டிவந்தேன்.

சிவலிங்கம் எங்கள் றப்பர்த் தோட்டத்துக்காரன், அடுத்த லயத்து வரிசை வீடு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். அஞ்சாம் வகுப்போடு அவன் நின்றான், நான் போனேன். எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அவனுக்கு றப்பர் மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் மருந்து டேங்க். ஒரு கை பம்ப் பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், மறு கையில் குழாய். அவன் இடதுகைக்காரன். மற்றவர்கள் வலது கையில் பிடிக்கிற குழாயை இடது கையில் பிடிப்பான். பிடியை வலப்பக்கம் மாற்றிப் போட்டிருப்பான். ஒல்லி உடம்பு. தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் எடுத்துவைத்த மாதிரி தெரியும். சித்திரம் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல உடம்பு கிடைக்காது.

பஸ்ஸில் என்னை ‘டேய்’ என்பான். வகுப்புக்குள் கால் வைத்ததும் ‘சேர்’.

“டேங்கத் தூக்கிக்கிட்டு மல ஏறுறது லேசு சேர். இப்பிடிச் சும்மா நிக்கிறதுதான் இடுப்ப ஒடிக்குது” என்பான். தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிங்களப் பிள்ளைகளுக்காக அதையே சிங்களத்தில் இன்னொரு தடவை சொல்வான், கொஞ்சம் கூட்டி. ரெண்டாவது தடவைக்குத்தான் சிரிப்பு அதிகம்.

அப்போதும் வகுப்பு ஹாஜியாரின் உரக்கடைக்கு மேல்மாடியில்தான் நடந்தது. பாதைப் பக்கத்து ஜன்னல்களைப் பூட்டிவிடுவேன். பின்பக்கத்து ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருக்கும். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து விழுந்தால்தான் எலும்பின் மேடும் பள்ளமும் தெரியும். பாதையிலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததில்லை.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து சண்டை மறுபடியும் தொடங்கியிருந்தது. கொழும்புப் பாதையில் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடுவில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆமிக்காரர்கள். முன்னால் ஒரு சாஜன்; நாற்பது வயதிருக்கும், அலுத்துப்போன முகம். ஜன்னலைப் பூட்டிக்கொண்டு இளந்தாரிகள் கூடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் நடுவில் ஒருவன் சட்டையில்லாமல் நிற்கிறான், சுற்றிவர இளம் பிள்ளைகள்.

“என்ன நடக்குது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“சித்திர வகுப்பு மஹத்தயா. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்.”

“இவன் யார்?”

“மாடல். பார்த்து வரையிறதுக்கு வந்தவர்.”

அடையாள அட்டைகளை வாங்கினார்கள். பெயரை வாசித்து வாசித்துப் பிரித்தார்கள். தமிழ்ப் பெயர்கள் சுவர்ப் பக்கம், மற்றவர்கள் ஜன்னல் பக்கம். ரெண்டு மாதமாக ஒரே தோளைச் சுற்றி உட்கார்ந்து வரைந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். என்னையும் சுவர்ப் பக்கம் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். சாஜன் கிட்ட வந்து என் ரெண்டு தோளையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. பென்சில் தூக்கிய தோளில் என்ன இருக்கும்.

பிறகு சிவலிங்கத்திடம் போனார். அவனுடைய வலது காறை எலும்பின் வெளிநுனிக்குக் கீழே, நெஞ்சுக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் கறுத்துத் தடித்த தழும்பு. இடது பக்கம் சுத்தமாக இருந்தது.

துவக்கு வைத்துச் சுட்டவனுக்கு அந்த இடத்தில்தான் அடையாளம் விழும் என்பது அவர்களின் கணக்கு. அந்த வருஷங்களில் நம்ம ஆட்கள் எத்தனை பேர் பாதையோரத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கொண்டுபோனவர்களில் சிலர் ஒரு வாரத்தில் வந்தார்கள். சிலரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

“இது என்ன?”

“மருந்து டேங்க் பட்டி ஒரசின காயம் மஹத்தயா” என்றான் சிவலிங்கம். அவன் சிங்களம் என் சிங்களத்தைவிடத் தெளிவு.

“டேங்குக்குப் பட்டி ரெண்டு. தழும்பு ஏன் ஒரு பக்கம்?”

சிவலிங்கம் தன் தோளைக் குனிந்து பார்த்தான். வேலை செய்த இடத்தில் தழும்பு விழுந்தது, அவ்வளவுதான் அவனுக்கு. ஒரு பக்கம் ஏன், மறு பக்கம் ஏன் இல்லை என்று எவன் யோசித்து வைத்திருப்பான்?

எனக்கு வாய் துருதுருத்தது. துவக்கின் அடிக்கட்டை அழுத்தினால் தழும்பு வட்டமாக விழ வேண்டும். இது நீளமாக, பட்டியின் அகலத்துக்கு இருக்கிறது. அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? துவக்குத் தழும்பு எப்படி விழும் என்று உனக்கு எப்படித் தெரியும்? வாயை மூடிக்கொண்டேன். நெருக்கடியில் நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடக் கூடாது. தெரிந்திருப்பதே குற்றமாகிற நேரமும் இருக்கிறது.

சாஜன் திரும்பி, பலகைகளில் இருந்த சித்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொன்றாக. அவசரமில்லாமல்.

“எத்தன நாளா இவன வரையிறீங்க?”

ஜன்னல் பக்கம் நின்ற திலினி என்ற பிள்ளை பதில் சொன்னாள். “ரெண்டு மாசமா சேர்.”

“அப்ப இதுல ஒன்றிலும் தழும்பு இல்லையே.”

நானும் பலகைகளைத் திரும்பிப் பார்த்தேன். இருபது பலகை. இருபதிலும் சிவலிங்கத்தின் தோள். காறை எலும்பு, பள்ளம், தோள்முனை எல்லாம் பிசகாமல் விழுந்திருந்தது. தழும்பு மட்டும் இல்லை.

திலினி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “சேர் சொல்லியிருக்கார், எலும்ப மட்டும் பாருங்க, தோல்ல இருக்கிறத அப்புறம் பார்க்கலாம்னு.”

சாஜன் என்னிடம் வந்தார். “தழும்பு புதுசு. இல்லாட்டி மறைக்கச் சொன்னது நீ. எது?”

ரெண்டும் இல்லை. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? பாடம் நடத்துகிற ஒழுங்கு அது, முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் தோல் என்றால் நம்புவாரா? அவர் பின்னால் கையசைத்தார். ஒரு சிப்பாய் சிவலிங்கத்தின் சட்டையை நாற்காலியிலிருந்து எடுத்து, அவன் கைகளைப் பின்னால் இழுத்து, அந்தச் சட்டையாலேயே கட்டத் தொடங்கினான்.

சிவலிங்கம் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தேன். இத்தனை நாள் அப்படிப் பார்த்துப் பழகிய கண். கைகளைப் பின்னால் இழுத்ததும் தோள்பட்டை எலும்புகள் ரெண்டும் முதுகுத்தண்டை நோக்கி நகர்ந்தன, காறை எலும்பும் பின்னால் போனது. ஆனால் தழும்பு அதே அளவு போகவில்லை. எலும்பு ஒரு இடம், தழும்பு ஒரு இடம். நிற்கும்போது தழும்பு இருந்த இடம் வேறு, இப்போது இருக்கிற இடம் வேறு. அப்படியானால் அது விழுந்த நேரத்தில் தோள் எங்கே இருந்தது?

“மஹத்தயா, கீழ கடையில டேங்க் இருக்கு. இவர் முதுகுல மாட்டிப் பாருங்க. பட்டி எங்க விழுதுன்னு நீங்களே பாருங்க” என்றேன்.

சாஜன் யோசித்தார். படியில் ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. அவர் பேசாமல் கீழே இறங்கிப்போய் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். கடையும் அவருடையது, மாடியும் அவருடையது. அவர் சாஜனிடம் சிங்களத்தில், “புது டேங்க் இருக்கு, கொண்டுவரவா?” என்றார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “இது சரியா வருமா மாஸ்டர்?” என்றார்.

“தெரியாது ஹாஜியார்.”

“நல்ல பதில்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

டேங்க் வந்தது. கைக்கட்டை அவிழ்த்து அவன் முதுகில் மாட்டினார்கள். அறையில் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். பட்டி தழும்பின்மேல் விழவில்லை. ரெண்டு விரல் தள்ளி, கழுத்துப் பக்கமாக உட்கார்ந்திருந்தது.

சாஜன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பார்” என்றார்.

அப்போது சிவலிங்கம் தமிழில் சொன்னான்: “டேய், பிடி எடப்பக்கம் கெடக்கு. மாத்திப் போடச் சொல்லுடா.”

“என்ன சொன்னான்?”

“பிடியை வலப்பக்கம் மாற்ற வேண்டுமாம். அவர் இடதுகைக்காரர்.”

“டேய்னா எனக்கு விளங்கும்” என்றார் சாஜன். “மாடல் வாத்தியாரை அப்பிடியா கூப்பிடுவான்?”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மாடல் என்றால் நான் வெளியே. கூலிக்குக் கூட்டிவந்த ஆள், அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூட்டாளி என்றால் அவன் போகிற வண்டியில் எனக்கும் இடம் உண்டு. நான் ‘இவர் இடதுகைக்காரர்’ என்று சொன்னதற்கு மதிப்பு வருவது எப்போது? அவனை எனக்குத் தெரியும் என்று சொன்னால்தான். யோசிக்க நேரமில்லை.

“ஒரே வாங்கில இருந்து படிச்சோம் மஹத்தயா. ஒரே தோட்டம். இவன் இடது கையால சோறு தின்னு அடி வாங்கினத நான் பார்த்திருக்கேன்.”

ஹாஜியார் சாஜன் முகத்தைப் பார்த்தபடியே குனிந்து, பிடியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார். ஒரு திருகாணி தவறி விழுந்து பலகைகளுக்கு அடியில் உருண்டது. ஜன்னல் பக்கத்துப் பிள்ளை ஒருவன் கேட்காமலே குனிந்து தேடி எடுத்துக்கொடுத்தான்.

“தண்ணி ஊத்தணும்” என்றேன். “வெறும் டேங்குக்குப் பாரம் இல்ல.”

வாளியில் தண்ணீர் வந்தது. தூரிகை கழுவ வைத்திருந்த வாளி. டேங்க் நிறைந்ததும் சிவலிங்கத்தின் தோள் ரெண்டும் கொஞ்சம் இறங்கின. பட்டி இன்னும் கழுத்துப் பக்கம்தான்.

“அடி” என்றேன்.

அவன் குழாயை இடது கையில் பிடித்து, வலது கையால் பிடியை அழுத்தினான். முதல் அழுத்தலிலேயே தோள்முனை இறங்கி முன்னால் வந்தது. காறை எலும்பு கூடவே சாய்ந்தது. பட்டி கழுத்தை விட்டு மெல்ல வெளியே சரிந்து, எலும்பைத் தாண்டி, அந்தப் பள்ளத்தில் இறங்கியது. கை மேலே வரும்போது ஏறும், கீழே போகும்போது இறங்கும். ஒவ்வொரு தடவையும் தழும்பின்மேல் உரசிக்கொண்டே போய்வந்தது. குழாய் பிடித்த இடது தோள் அசையவில்லை. அந்தப் பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

குழாயிலிருந்து தண்ணீர் சீறித் தரையை நனைத்தது. யாரும் நகரவில்லை.

சாஜன் கிட்ட வந்தார். தழும்பின்மேல் விரலை வைத்து, “இன்னும் அடி” என்றார். சிவலிங்கம் அடித்தான். பட்டி வந்து அவர் விரலின்மேல் ஏறியது. விரலை எடுத்தார். மறு தோளிலும் வைத்துப் பார்த்தார். பட்டி அந்தப் பக்கம் வரவில்லை. திரும்பவும் வலப்பக்கம் வைத்தார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாரோ தெரியாது. சிவலிங்கத்தின் நெற்றியில் வேர்வை இறங்கியது; மலையில்கூட அவன் அப்படி வேர்த்து நான் கண்டதில்லை.

“கழற்று” என்றார் கடைசியில்.

அடையாள அட்டைகளை மேசையில் வைத்தார். படியிறங்கப் போனவர் நின்று, “ஜன்னலைப் பூட்டாதே” என்றார். அவ்வளவுதான். சப்பாத்துச் சத்தம் கீழே போய், பாதையில் கலந்தது.

ஹாஜியார் டேங்கைத் தூக்கிப் பார்த்து, “நனஞ்சிட்டு. இனி இத புதுசுன்டு விக்கேலா” என்றார்.

“நல்ல டேங்க் ஹாஜியார்” என்றான் சிவலிங்கம். “தோட்டத்து டேங்க் முதுகெல்லாம் ஒழுகும்.”

சிரிக்க வேண்டிய பேச்சு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. திலினி அழுதுகொண்டிருந்தாள், தான் சொன்ன பதிலுக்காக. அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்று அவளிடம் சொன்னேன். சிவலிங்கமும் போய்ச் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் பாடத்தின் ஒழுங்கை மாற்றினேன். எலும்பு முதலில் என்பது சரி. ஆனால் தோலைக் கடைசிக்குத் தள்ளிவைக்க முடியாது. உடம்பில் உள்ள ஒவ்வொரு அடையாளமும் ஏதோ ஒரு அசைவில் விழுந்தது. அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எலும்பு எங்கே போய்வந்தது என்று தெரியும். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவருடைய நெற்றியில் கூடைக் கயிற்றுத் தழும்பு, றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருடைய மணிக்கட்டுக் காய்ப்பு, எல்லாம் அப்படித்தான். ஆளை நிறுத்தி வரையாதீங்க. அவர் செய்கிற வேலையைச் செய்யச் சொல்லி, அதில் எங்கே எலும்பு நகர்கிறது என்று பாருங்க. பிறகு நிறுத்துங்க.

அடுத்த சனிக்கிழமை சிவலிங்கம் வந்தான். வருவான் என்று நான் நினைக்கவில்லை. பாதைப் பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. வழக்கம்போல நடுவில் போய் நின்றான். அவன் கை மேல்பட்டனுக்குப் போனது, அங்கேயே நின்றது. பிள்ளைகள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் பாதைப் பக்கம் பார்த்தான். விரல் பட்டனில் இருந்தது, பட்டன் கழலவில்லை.

“சட்டையோட நில்லு” என்றேன்.

“எலும்பு தெரியாதே சேர்.”

“தேடிக்கட்டும்.”

தேடினார்கள். அன்றைக்கு வந்த சித்திரங்கள் மோசம். ஆனால் சில வாரங்களில் துணியின் மடிப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். காறை எலும்பின் நுனியில் துணி தொங்குகிறது, மேற்கை எலும்பின் தலையில் திரும்புகிறது. சட்டைக்குள் இருக்கிற தோளை வரையத் தெரிந்த பிள்ளை எந்தத் தோளையும் வரையும்.

சண்டை முடிந்துவிட்டதே, இனி என்ன பயம், சட்டையைக் கழற்றி நிறுத்தலாமே என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். பரீட்சை கிட்ட வந்தால் பெற்றோரும் கேட்பார்கள். கேட்கட்டும். சிவலிங்கம் இன்னும் வருகிறான், நான் போன பிறகும் வருவான். அவனிடம் மட்டும் அதைக் கேட்காதீங்க. என்றைக்காவது அவனாகவே சட்டையைக் கழற்றினால், பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, தழும்பையும் வரையச் சொல்லி.